பெருமாளுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி

1. ஷாக் அடிக்குமா?

முதல் நாள் காலை முழுக்க அந்தப் பட்டனை ஒருவரும் தொடவில்லை.

திருச்சி கண்டோன்மென்ட்டில் ஒரு பழைய பங்களாவில் இருக்கும் எங்கள் கலைக்கூடத்தை, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் இருவரும் இப்போது பார்க்கிறீர்கள். அப்போது வராந்தாவில் கற்சிலைகள், இடது கூடத்தில் தஞ்சாவூர்ப் படங்கள், நடுக்கூடத்தில் பஞ்சலோகச் சிலைகள். நடுக்கூடத்தில் முக்கியமானவர் ஒரு பெருமாள். உப்பிலியபுரம் பக்கம் யாரோ நிலத்தைத் தோண்டியபோது கிடைத்தவர். நின்ற கோலம், இடுப்பளவு உயரம். சுவரை ஒட்டினாற்போல் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அவரை நிறுத்தியிருந்தார்கள்.

அந்தப் பெட்டிக்கு முன்னால் மரத்தில் ஒரு ஸ்டாண்டு. அதில் சிவப்பு நிறத்தில் ஒரு பட்டன். அழுத்தினால் 'டிங்' என்று மணி அடிக்கும். பெட்டிக்குள் விளக்கு எரியும். கொஞ்ச நேரத்தில் தானாகவே அணைந்துவிடும். மெட்ராஸ் மேலதிகாரி ஒருவர் வெளிநாட்டு மியூசியங்களில் இப்படி ஏற்பாடுகளைப் பார்த்துவிட்டு வந்து, "ஜனங்க சும்மா நடந்துகிட்டே போயிடுறாங்க. அவங்க கையாலேயே ஏதாவது செய்ய வெச்சா நின்னு பார்ப்பாங்க" என்று சொல்லி, எங்கள் கூடத்தில் சோதனையாக வைக்கச் சொன்னாராம்.

ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல ஒரு பட்டதாரிப் பெண் வேண்டும் என்றார்கள். ஒரு வருடத்துக்குத் தற்காலிக வேலை. சரித்திரம் படித்துவிட்டு, கல்யாணமாகி, எட்டு மாதக் கைக்குழந்தையோடு வீட்டில் இருந்த நான் விண்ணப்பம் போட்டேன். கிடைக்காது என்று நினைத்துத்தான் போட்டேன். கிடைத்துவிட்டது. பக்கத்து வீட்டு செசிலி அக்கா, "பிலோவை நான் பாத்துக்கறேன், நீ போயிட்டு வா ஸ்டெல்லா" என்று சொன்ன பிறகும் ஒரு வாரம் யோசித்தேன். குழந்தையை விட்டுவிட்டுப் போகிற நேரத்துக்கு ஈடாக அங்கே உருப்படியாக ஏதாவது நடக்குமா என்பதுதான் என் யோசனை. பால் குடிக்கிற குழந்தையை இன்னொருத்தர் இடுப்பில் ஏற்றிவிட்டு, யாரும் பார்க்காத சிலைக்குப் பக்கத்தில் போய் நிற்பதென்றால் அது பாவமில்லையா?

அதனால் முதல் நாள் யாருமே பட்டனைத் தொடாதபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்தவர்கள் ஸ்டாண்டைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் கேட்டார்.

"ஏம்மா, ஷாக் அடிக்குமா?"

"அடிக்காதுங்க. அழுத்திப் பாருங்க."

"நீங்க முதல்ல அழுத்துங்க."

நான் அழுத்தினேன். மணி அடித்தது. விளக்கு எரிந்தது. பெரியவர் என்னையே உற்றுப் பார்த்தார், எனக்கு ஏதாவது ஆகிறதா என்று. பெருமாளைப் பார்க்கவேயில்லை.

அன்று மாலை இந்தப் பட்டனைச் செய்து கொடுத்த காதர் பாய் வந்தார். பாலக்கரையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவர். விளக்கம் சொல்கிறவள் என்பதால் என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஷாக்கா? நம்ம வயரிங்லயா? டீச்சரம்மா, இந்த பட்டன்ல என் மவ தலை வெச்சுத் தூங்கலாம்!"

"எனக்குத் தெரியுது பாய், அவங்களுக்குத் தெரியணுமே."

மறுநாள் அவர் ஸ்டாண்டு மேல் ஒரு அட்டை மாட்டினார். 'அழுத்தவும். பயம் வேண்டாம்.' இரண்டாவது வரியைப் படித்துவிட்டுத்தான் பலருக்குப் பயமே வந்தது. அட்டையை நான் எடுத்துவிட்டேன். வருகிறவர்களிடம், "பெருமாள் முகத்துல வெளிச்சம் விழும், பாருங்க" என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தேன். அதன் பிறகு கைகள் தாமாக முன்னால் வந்தன.

2. மீட்டர் ஓடியது

ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு மீட்டர் உண்டு. சைக்கிள் சக்கரத்தில் மாட்டுவார்களே, அந்த மாதிரி. பட்டனை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அதில் ஒரு எண் ஏறும். வருட முடிவில் மெட்ராஸிலிருந்து வந்து அந்த மீட்டரைப் பார்ப்பார்கள். எண் நன்றாக ஏறியிருந்தால் ஸ்டாண்டும் இருக்கும், நானும் இருப்பேன். இல்லையென்றால் இரண்டு பேரையும் எடுத்துவிடுவார்கள். சேர்ந்த அன்றே கூடத்தின் பொறுப்பாளரான கியூரேட்டர் சார் இதை ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

மீட்டர் ஓடியது. பயம் தெளிந்ததும் எப்படி ஓடியது என்கிறீர்கள்! மலைக்கோட்டை பார்த்து, ஸ்ரீரங்கம் போய், முக்கொம்பில் கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்புகிற பஸ்காரர்கள் எங்கள் வாசலிலும் நிறுத்த ஆரம்பித்தார்கள். 'பட்டன் பெருமாள்' என்றே பெயர் பரவிவிட்டது. கியூரேட்டர் சார் தினமும் மாலையில் குனிந்து மீட்டரைப் பார்த்துவிட்டு, "பேஷ் பேஷ்" என்று சொல்லிக்கொண்டே அறைக்குப் போவார்.

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. விளக்கு அணைந்ததும் வந்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். பரீட்சை மாதிரி இல்லை, பேச்சுக்குத்தான்.

"பெருமாளோட இடது கீழ்க்கை எங்க இருந்துது, பாத்தீங்களா?"

அந்தக் கை இடுப்பில் ஊன்றியிருக்கும். விரல்கள் உள்பக்கம் மடங்காமல் லேசாக விரிந்து, ஒரு ஆள் நிஜமாக இடுப்பில் கை வைத்து நிற்பதுபோலவே இருக்கும். அந்தச் சிலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

ஒருவருக்கும் தெரியவில்லை. முதல் வாரம் நான் கவலைப்படவில்லை. இரண்டாம் வாரம் கேள்வி சரியில்லையோ என்று நினைத்தேன். மாற்றி மாற்றிக் கேட்டேன். கிரீடம் உயரமா, குட்டையா? காதில் என்ன போட்டிருக்கிறார்? ஒன்றும் வரவில்லை. "திவ்யமா இருந்துச்சும்மா" என்பார்கள். நான் சொல்லும் விதம் புரியவில்லையா, என் குரல் கேட்கவில்லையா, கிறிஸ்தவப் பெண் கேட்கிறாளே என்று கூச்சப்படுகிறார்களா என்றெல்லாம் எனக்கு ஓடியது. ராத்திரி பிலோவைத் தூங்கவைக்கும்போதும் இதே நினைப்பு.

பிறகு ஒரு நாள் நான் நிற்கும் இடத்தை மாற்றினேன். வேறு காரணம் ஒன்றுமில்லை, பெஞ்சை மாற்றிப் போட்டிருந்தார்கள். வழக்கமாக நான் வந்தவர்களுக்குப் பின்னால் நின்று சிலையைப் பார்த்தபடி பேசுவேன். அன்று பெட்டிக்குப் பக்கவாட்டில், அவர்கள் முகம் தெரியும்படி நின்றேன். ஒரு குடும்பம் வந்தது. அப்பா பட்டனை அழுத்தினார். மணி அடித்தது. விளக்கு எரிந்தது.

அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

கை கூப்பி, உதடு அசைய, கன்னத்தில் போட்டுக்கொண்டு. விளக்கு அணைகிற சின்னச் சத்தம் கேட்டதும் கண்ணைத் திறந்தார்கள். இருட்டுப் பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு அம்மா சொன்னார், "பரீட்சை எழுதப்போறான்ல, நம்ம சேகருக்கு ஒண்ணு அழுத்துங்க." மறுபடி மணி, மறுபடி விளக்கு, மறுபடி மூடிய கண்கள். அடுத்தது மாப்பிள்ளை வேலைக்கு. அடுத்தது பாட்டனார் கால் வலிக்கு.

மீட்டர் ஏன் அப்படி ஓடியது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்று முழுவதும் பார்த்தேன். நூற்றில் ஓரிரண்டு பேர்தான் விளக்கு எரியும்போது கண்ணைத் திறந்து வைத்திருந்தார்கள். அவர்களும் குழந்தைகள்.

3. பூசையில் கவனம் சிதறியது

இதை கியூரேட்டர் சாரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று மூன்று நான்கு நாள் மனசுக்குள்ளேயே வைத்திருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாதா கோயிலில் பூசை நடந்துகொண்டிருந்தது. குருவானவர் அப்பத்தை உயர்த்தினார், பூசை உதவிப் பையன் மணியை ஆட்டினான். எல்லோரோடும் சேர்ந்து நானும் தலையைக் குனிந்தேன். குனிந்த பிறகுதான் தோன்றியது. அவர் உயரே தூக்கிக் காட்டுவதே எல்லோரும் பார்ப்பதற்காக. நாங்களோ மணிச் சத்தம் கேட்டதும் தரையைப் பார்க்கிறோம்.

பூசை நேரத்தில் இப்படி யோசித்தது தப்பா என்று அவரிடம், என் கணவரிடம், வீடு திரும்பும்போது கேட்டேன். ரயில்வே ஆபீஸில் வேலை பார்க்கிற மனிதர், எதற்கும் பதறமாட்டார். "மணிதான் உன் பிரச்சினைன்னா உங்க கூடத்து மணியைக் கழட்டச் சொல்லேன். இதுக்குப் போயி சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிட்டு நிக்காத" என்றார்.

திங்கள்கிழமை காதர் பாயிடம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

"மணியைக் கழட்டணுமா? அதுதானே டீச்சரம்மா ஷோக்கே! ஜெர்மன் காயில் போட்டுச் செஞ்சது. சத்தம் கேட்டுத்தானே ஜனம் இந்தப் பக்கம் திரும்புது?"

"திரும்புறாங்க பாய். திரும்பிக் கண்ணை மூடிக்கிறாங்க."

"சாமி கும்பிடுறாங்க. நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனா அதுக்குக் கோயில் இருக்கு. இங்க பாக்க வந்திருக்காங்க."

பாய் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "நம்ம தர்கால இப்படி ஒரு பட்டன் வெச்சா நானும் கண்ணை மூடத்தான் செய்வேன்" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

கியூரேட்டர் சாரிடம் அனுமதி கேட்டேன். அவர் அரை மனசாக, "செஞ்சு பாருங்க" என்றார்.

மணி போனதும் கொஞ்சம் மாறியது. கண்ணை மூடுகிறவர்கள் குறைந்தார்கள். ஆனால் முகத்தில் நேராக வெளிச்சம் விழுந்ததும் பாதிப் பேர் அப்போதும் மூடிக்கொண்டார்கள். ஒன்று மட்டும் திட்டமாகத் தெரிந்தது. ஆளுக்கொரு வேண்டுதலுக்காகத் திரும்பத் திரும்ப அழுத்துவது நின்றுவிட்டது. மணி இல்லாமல் அது வேண்டுதலாகத் தோன்றவில்லை போலும்.

அதாவது, மீட்டர் படுத்துவிட்டது.

4. பிலோ செய்த காரியம்

எங்கள் வீட்டு அலமாரியில் மரத்தில் செய்த சின்ன மாதா சுரூபம் ஒன்று உண்டு. அழுகிற குழந்தைக்கு ஒரு நாள் அதைக் கையில் கொடுத்தேன். கொடுக்கக்கூடாதுதான். வேறு எதற்கும் அவள் அடங்கவில்லை. பிலோ அதை வாங்கியதும் முகத்தைப் பார்க்கவே இல்லை. உடனே திருப்பி முதுகைப் பார்த்தாள். நான் மறுபடி முகம் தெரியும்படி திருப்பி வைத்தேன். அவள் மறுபடி திருப்பினாள். விரலால் முக்காட்டின் மடிப்பைத் தடவி, நகத்தால் நோண்டி, கடைசியில் வாயில் வைத்தாள்.

அன்றுவரை நானும் அந்தச் சுரூபத்தின் முதுகைப் பார்த்ததில்லை. பின்பக்கம் மடிப்பு மடிப்பாக, முன்பக்கத்தைவிட அழகாக இருந்தது.

மறுநாள் வேலைக்குப் போனதும் முதல் காரியமாகக் கியூரேட்டர் சாரிடம் பெட்டியின் சாவி வாங்கினேன். சுவருக்கும் பெருமாளுக்கும் நடுவே தலையை நுழைத்து, கை டார்ச் அடித்துப் பார்த்தேன். பின்தலையில் தாமரை மாதிரி ஒரு சக்கரம். அதற்குக் கீழே குஞ்சம் தொங்குகிறது. சுருள் சுருளாக முடி கழுத்தில் இறங்கித் தோள்வரை விரிகிறது. நடு முதுகில் ஆரத்தின் முடிச்சு. எத்தனையோ நூறு வருடங்களுக்கு முன்னால் யாரோ ஒரு சிற்பி, யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் அந்த முடிச்சை அவ்வளவு கவனமாகச் செய்திருக்கிறார். நான் எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ தெரியாது, கியூரேட்டர் சார் வந்து, "ஏம்மா, மாட்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

"சார், இதைக் காட்டணும்."

"எப்படிக் காட்டுவீங்க? பெட்டியை நடுவுல இழுத்துப் போட இடமில்லையே."

பல்பு மாற்ற வந்திருந்த காதர் பாய்தான் சொன்னார், "சலூன்ல முடி வெட்டி முடிச்சதும் பின்னால கண்ணாடி காட்டுவானே, அது மாதிரி ஒண்ணு வெச்சா?"

கியூரேட்டர் சார் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார். "ஐயையோ! பெருமாளுக்கு சலூன் கண்ணாடியா? ஸ்ரீரங்கத்துக்காரங்க காதுல விழுந்தா என்னாகும்? முதுகைக் காட்டுறோம்னு ஊரே திரண்டு வந்துடும்!"

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அவருக்காவது அவருடைய சாமி. நானோ மாதா கோயிலுக்குப் போகிறவள். பெருமாளின் முதுகைப் பார் என்று நான் சொல்லலாமா? பாய் மட்டும் நிதானமாக இருந்தார். "செஞ்சு பாப்போம் சார். தப்புன்னா கழட்டிரலாம். இன்ஷா அல்லா, ஒண்ணும் ஆகாது."

ஒரு கண்ணாடியைச் சாய்வாகச் சுவரோடு பொருத்தினார். அதன் ஓரத்தில் ஆள் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பல்பு. ஸ்டாண்டில் இரண்டாவதாக ஒரு பச்சைப் பட்டன். அதை அழுத்தினால் முன்பக்கம் இருட்டாகவே இருக்கும், கண்ணாடியில் முதுகு மட்டும் பளிச்சென்று தெரியும். நான் ஒரு அட்டை எழுதி வைத்தேன். 'பின்தலையில் இருப்பது என்ன?'

5. ஸ்ரீரங்கத்திலிருந்து

பச்சைப் பட்டனுக்கு யாரும் கண்ணை மூடவில்லை. அது எனக்கே வேடிக்கையாக இருந்தது. குனிந்தார்கள், எட்டினார்கள், ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். "சக்கரம்டி அது", "இல்ல, பூ", "ஜடைபில்லை மாதிரி இருக்கு" என்று சண்டை போட்டார்கள். ஒரே ஒரு முறை அழுத்திவிட்டு விளக்கு அணையும்வரை பார்த்தார்கள். அணைந்த பிறகும் பேசிக்கொண்டு நின்றார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மடிசார் கட்டிய மாமி ஒருவர், கணவரோடும் பம்பாயிலிருந்து வந்த உறவுக்காரர்களோடும் வந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. அவர் நேராகப் பச்சைப் பட்டனில் கை வைத்தார்.

விளக்கு எரிந்தது. மாமி கண்ணாடிப் பக்கம் குனிந்தார். பிறகு சத்தமாகக் கூப்பிட்டார்.

"ஏன்னா! இங்க வாங்கோ, சீக்கிரம் வாங்கோ!"

நான் ஓடிப்போய், "மாமி, மன்னிச்சுக்கோங்க. தப்பா இருந்தா எடுத்துடச் சொல்றேன்" என்றேன்.

"எதை எடுக்கறது?" மாமி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பின்னழகுன்னா இது! உற்சவத்துல பெருமாள் வீதியில எழுந்தருளறச்சே முன்னாடி சேவிச்சுட்டு, அவர் தாண்டிப் போனதும் பின்னாடியே ஓடி பின்னழகு சேவிப்போம். எங்களுக்கு அது தனி சேவை. ஆனா அப்போ பட்டும் மாலையும் மூடிண்டிருக்கும். இந்தக் குஞ்சத்தை யார் பார்த்தா!"

எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "மாமி, முன்பக்கம் விளக்கு எரிஞ்சா எல்லாரும் கண்ணை மூடிக்கறாங்க. இதுக்கு மட்டும் ஏன் யாரும் மூடறதில்ல?"

"போறவரை யாராவது கண்ணை மூடிண்டு பார்ப்பாளோ? அடுத்த மூலை திரும்பினா மறைஞ்சுடுவார். கிடைச்சவரைக்கும் பார்த்துக்க வேண்டியதுதான்." அப்புறம் தன் கணவரைக் காட்டி, "இவரை மட்டும் முன்பக்கம் நிறுத்திடாதேங்கோ. கண்ணை மூடினா குறட்டை விட்டுடுவார்" என்றார். பம்பாய் உறவுக்காரர்கள் சிரித்தார்கள். அவர் கணவர், "இவளை எந்தப் பக்கம் நிறுத்தினாலும் வாய் மூடாது" என்று சொல்லிக்கொண்டே குனிந்து கண்ணாடியைப் பார்த்தார்.

மாமியின் பதில் எல்லோருக்கும் பொருந்துமா என்று எனக்குத் தெரியாது. மன்னார்புரத்துக்காரருக்கும் துறையூர்க்காரருக்கும் பின்னழகு சேவை தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் கைகளைப் பிசைந்துகொண்டு நிற்பதை விட்டுவிட்டேன்.

6. மெட்ராஸ் அதிகாரி

மீட்டர் மட்டும் படுத்தபடியே இருந்தது. இரண்டு பட்டன்களையும் சேர்த்துப் பார்த்தாலும் மணி இருந்த காலத்தில் பாதிகூட வரவில்லை. மெட்ராஸிலிருந்து வருகிறார்கள் என்று தகவல் வந்த அன்று கியூரேட்டர் சார் என்னைக் கூப்பிட்டார்.

"ஸ்டெல்லாம்மா, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. அவங்க வர்ற அன்னிக்கு ஒரு நாள் மட்டும் மணியைத் திருப்பி மாட்டிடலாம். நாலு பஸ் ஜனம் வந்தா மீட்டர் அவங்க கண் முன்னாலயே ஓடும். உங்க வேலைக்காகத்தான் சொல்றேன்."

"சார், அது..."

"வீட்ல குழந்தை இருக்கு. யோசிங்க."

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வீட்டில் கணவரிடம் கேட்டேன். "உனக்கு எது சரின்னு படுதோ அது" என்றார். இது எப்போதும் எனக்கு உதவாத பதில். செசிலி அக்காவிடம் கேட்டேன். "வேலை போனா போகட்டும்டி, ஆனா வேலை போச்சேன்னு என்கிட்ட வந்து அழக்கூடாது" என்றார். ஒரு நேரம் மாட்டட்டும் என்று தோன்றும். பிலோவை விட்டுவிட்டு வந்தது கண்ணை மூடிய ஜனங்களை எண்ணுவதற்கா என்று மறுநேரம் தோன்றும்.

நான் தீர்மானிப்பதற்குள் காலை வந்துவிட்டது. போய்ப் பார்த்தால் மணி மறுபடி பழைய இடத்தில் இருந்தது, கியூரேட்டர் சார் சொல்லி மாட்டியிருக்கிறார்கள். பாய் என் முகத்தைப் பார்க்காமல் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

மெட்ராஸ் அதிகாரியும் அவரோடு இரண்டு பேரும் பத்து மணி வாக்கில் வந்தார்கள். பஸ் ஜனம் ஒன்றும் வரவில்லை. முகூர்த்த நாளோ என்னவோ, கூடம் வெறிச்சென்று இருந்தது. அதிகாரி முதலில் குனிந்து மீட்டரைப் பார்த்தார். பழைய எண்களைக் கியூரேட்டர் சாரிடம் கேட்டார்.

"முதல்ல நல்லா ஏறியிருக்கே. அப்புறம் ஏன் இப்படி விழுந்துடுச்சு? ஜனங்களுக்கு அலுத்துப்போச்சா?"

கியூரேட்டர் சார் என்னைப் பார்த்தார். நான் மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை. வந்தது இதுதான்.

"சார், நீங்களே ஒரு தடவை அழுத்திப் பாருங்க சார்."

அவர் சிரித்துக்கொண்டே சிவப்புப் பட்டனை அழுத்தினார். 'டிங்'. வெளிச்சம் விழுந்தது.

கோட்டும் டையும் போட்ட அந்த மனிதர், வெளிநாட்டு மியூசியங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு இந்தப் பட்டனையே நம் ஊருக்குக் கொண்டுவந்தவர், ஷூவிலிருந்து ஒரு காலை உருவிக்கொண்டு, கை கூப்பி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். கூட வந்த இருவரும் மூடிக்கொண்டார்கள். கியூரேட்டர் சாரும்தான். அந்தக் கூடத்தில் கண் திறந்திருந்தது நானும் காதர் பாயும் மட்டும். பாய் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் சிரித்துவிடக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

விளக்கு அணைந்தது. அவர்கள் கண்ணைத் திறந்தார்கள்.

"சார், பெருமாளோட இடது கீழ்க்கை எங்க இருந்துது?" என்று கேட்டேன். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான்.

"சங்கு..." என்று ஆரம்பித்தார். "இல்ல, அது மேல்கை. கீழ்க்கை..." கூட வந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். அதிகாரி மெதுவாகக் காலைத் திரும்ப ஷூவுக்குள் நுழைத்தார். "நான் கண்ணை மூடிட்டேனா?"

"எல்லாரும் மூடறாங்க சார். ஆளுக்கு நாலு தடவை அழுத்திட்டு மூடறாங்க. அதான் அப்போ எண் ஏறுச்சு. மணியை எடுத்ததும் இறங்கிடுச்சு. இப்ப பச்சைப் பட்டனை அழுத்துங்க சார். பாய், மணியைக் கழட்டிடுங்க."

அப்படிச் சொன்னது நான்தானா என்று எனக்கு இன்னும் நம்பிக்கையில்லை.

பாய் வயரை உருவினார். அதிகாரி பச்சைப் பட்டனை அழுத்தினார். அதன் பிறகு அவர் நேராக நிற்கவில்லை. குனிந்தார், பக்கவாட்டில் போனார், முட்டி போடாத குறையாகக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார். கூட வந்தவரிடம், "கொஞ்சம் நகருங்க, மறைக்கிறீங்க" என்றார். விளக்கு அணைந்ததும் தானே இன்னொரு முறை அழுத்தினார். இந்த முறை வேண்டுதலுக்காக இல்லை. முடி எங்கே முடிந்து ஆரம் எங்கே தொடங்குகிறது என்று அவருக்கும் உதவியாளருக்கும் தகராறு.

கடைசியில் எழுந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"எல்லாம் சரிம்மா. மீட்டர்ல எண் இருக்கு, நான் ரிப்போர்ட்ல எழுதிடுவேன். பாத்தாங்கன்னு நீங்க சொல்றதை நான் எப்படி எழுதறது? அதை எதை வெச்சு அளக்கறது?"

"தெரியல சார்" என்றேன். எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. இப்போதும் தெரியாது.

அவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "இன்னும் ஒரு வருஷம் இருங்க. தெரிஞ்சா எழுதுங்க" என்றார். வேலையை நிரந்தரம் ஆக்கவில்லை. சிவப்புப் பட்டனுக்கு வெளிச்சத்தை நேராக அடிக்காமல், பாதத்திலிருந்து மெல்ல மேலே ஏறும்படி மாற்றச் சொன்னார். அது ஓரளவு பலன் தந்தது, முழுதாக இல்லை. மணியைப் பாய் பைக்குள் போட்டுக்கொண்டு, "ஜெர்மன் காயில், வீணாப் போச்சு" என்று முணுமுணுத்தபடி போனார்.

அந்த ஒரு வருஷம் இன்னொரு வருஷமாகி, பிறகு இன்னொன்றாகி, பிலோ இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நான் இன்னும் தற்காலிகம்தான்.

உங்கள் இருவருக்கும் நான் சொல்லக்கூடியது அதிகமில்லை. நான் செய்த எல்லாமே சரி என்றும் சொல்லமாட்டேன். சாமி கும்பிட வந்தவர்களிடமிருந்து ஒரு மணியைப் பறித்தேனே என்று சில நாள் மனசு உறுத்தும். அடுத்த மாதம் உங்களுக்குப் புது ஸ்டாண்டு வருகிறது, ஒலிப்பதிவுக் கருவியோடு. ஜனங்கள் பட்டனை அழுத்திவிட்டு அதைக் காதில் வைத்துக் கேட்பார்களாம். அதற்கும் ஒரு மீட்டர் இருக்கும். எண் ஏறும், உங்களைப் பாராட்டுவார்கள், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆனால் நிற்கும்போது சிலையைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், நாம்தான் தினமும் பார்க்கிறோமே. வருகிறவர்கள் முகம் தெரியும்படி பக்கவாட்டில் நில்லுங்கள். கை பட்டனில் இருக்கும்போது கண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.